பதினொரு பேரும் 'இங்கி' என்றார்கள்

சோலோ,
வியாழக்கிழமை, காலைத் தேநீர் நேரம்

அன்பிலும் அதட்டலிலும் குறை வைக்காத குஸ்தினா அக்காவுக்கு,

தங்கை வஹ்யு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே என் இடது முழங்கால் தவிர அனைவரும் நலம். மாலாங்கில் நீங்களும் அத்தானும் உங்கள் கேக் கடையும் அதேபோல் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

'நல்ல தலைவர் தன் குழுவை வளர்ப்பது எப்படி' என்று இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்து, அதில் தந்த ஏழு குறிப்புகளை எனக்கு அனுப்பி, "படிச்சுட்டு அப்படியே செய், யோசிக்காதே" என்று எழுதியிருந்தீர்கள். செய்தேன். என்ன ஆயிற்று என்று இப்போது கேட்கிறீர்கள். கேட்டது நீங்கள்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் ஓட்டலில் அறைகளைப் பராமரிக்கும் பதினொரு பேருக்கு நான் மேற்பார்வையாளர் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் மேலாளர் ஹெந்தார்த்தோ ஐயா கூப்பிட்டு, "உங்களைப் புதுக் கட்டடத்துக்கு மாத்தறோம். அதுக்குள்ள உங்க ஆளுங்கள்ல ஒருத்தரை உங்க இடத்துக்குத் தயார் பண்ணுங்க. இல்லேன்னா இந்த வேலையை வெளிக் கம்பெனிகிட்ட குடுத்துடுவோம். முடியுமில்ல?" என்றார். நான் "இங்கி, ஐயா" என்றேன். அக்கா, நம் ஜாவாக்காரர் வாயில் அந்தச் சொல் படும் பாட்டை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? 'ஆமாம்' என்றும் பொருள், 'காதில் விழுந்தது' என்றும் பொருள், 'இப்போதைக்கு ஆளை விடுங்கள்' என்றும் பொருள். அவர் எடுத்துக்கொண்டது முதல் வகை. நான் சொன்னது மூன்றாம் வகை. வெளிக் கம்பெனி தன் ஆட்களோடு வந்தால் இந்தப் பதினொரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதை நினைத்துக்கொண்டே படியிறங்கியதில்தான் முழங்கால் போயிற்று.

சர்வோனோ அண்ணனைத் தேர்ந்தெடுத்தேன். ஐம்பத்திரண்டு வயது, பத்தொன்பது வருட சர்வீஸ். கதவைத் தட்டி ஒரு நிமிடம் நின்றாலே உள்ளே இருப்பவர் தூங்குகிறாரா, தூங்குவதுபோல் நடிக்கிறாரா என்று சொல்லிவிடுவார். உங்கள் முதல் குறிப்பு, 'தெளிவாக விளக்கு. புரிந்ததா என்று கேள்.' கறை நீக்கும் புது மருந்தை ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி ஊற்ற வேண்டும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். "புரிஞ்சுதா?" பதினொரு பேரும் ஒரே குரலில், என்னை அம்மா என்று அழைக்கும் 'இபு'வையும் சேர்த்து, "இங்கி, இபு!" எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதியத்துக்குள் மூன்றாம் மாடியின் பச்சைத் திரைகள் எல்லாம் மோர் நிறத்துக்கு வந்திருந்தன. ஒரு மூடி மருந்துக்கு ஒரு வாளியா, ஒரு வாளி மருந்துக்கு ஒரு மூடித் தண்ணீரா என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை.

நான்காம் குறிப்பு இன்னும் மோசம். 'வேண்டுமென்றே தவறாகச் சொல். திருத்துகிறவரே நாளைய தலைவர்.' புதுமணத் தம்பதி வரும் நாளாகப் பார்த்து, "துண்டால ரெண்டு அன்னம் செஞ்சு, குளியல் தொட்டியில தண்ணி ரொப்பி, அதுல மிதக்க விடுங்க" என்றேன். யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். "இங்கி, இபு." மாலையில் மணப்பெண்ணின் அம்மாவே இறங்கி வந்துவிட்டார். "கல்யாணத்தன்னிக்கே ஜோடி முழுகிக் கிடக்குதே, இது என்னம்மா சகுனம்?" என்று நிறுத்தாமல் திட்டினார். நான் சொன்ன பதிலை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சர்வோனோ அண்ணனைத் தனியே உட்கார வைத்துக் கேட்டேன். "துண்டு மிதக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியும், இபு."

"பின்னே ஏன் சொல்லல?"

அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "புரியலைன்னு சொன்னா, நீங்க சரியா சொல்லித் தரலைன்னு ஆயிடும். தப்புன்னு சொன்னா, உங்களுக்குத் தெரியலைன்னு ஆயிடும். அத்தனை பேர் முன்னால அப்படிச் சொல்றது அழகா, இபு?"

அக்கா, இத்தனை நாளாக இவர்களுக்கு வாயில்லை என்று நினைத்திருந்தேன். என் மானத்தைப் பதினொரு பேர் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்கள். நானும் மேலாளர் முன்னால் அதையேதான் செய்தேன்.

மறுநாள் உங்கள் குறிப்புகளை மடித்து வைத்துவிட்டு, "நான் இங்கிலீஷ் இலக்கியம் படிச்சவ. எனக்குப் படுக்கை விரிக்கத் தெரியாது. இன்னிக்கு நான்தான் புது ஆள், நீங்க சொல்லிக் குடுங்க" என்றேன். அது நடிப்பில்லை, உண்மையிலேயே தெரியாது. விரிப்பின் மூலையை மடித்தேன். இரண்டாவது மூலைக்கு வந்தபோது, சுரபாயாவிலிருந்து வந்த லஸ்மிக்குப் பொறுக்கவில்லை. அந்த ஊர்க்காரர்களின் வாயைத்தான் உங்களுக்குத் தெரியுமே. "இபு, இது மெத்தையா, சந்தைக்குப் போற மூட்டையா? தள்ளுங்க!" அறையே சிரித்தது. சர்வோனோ அண்ணன்கூடச் சிரித்துவிட்டு, பதறி வாயைப் பொத்திக்கொண்டார்.

அதிலிருந்து தினமும் காலையில் ஒருவர் ஆசிரியர், நான் மக்கு மாணவி. "தெரியாது" என்பதை முதலில் நான் சொல்வேன். மூன்றாம் வாரம் ஒருத்தி என்னிடமே, "இபு, நீங்க நேத்து சொன்னது புரியல" என்றாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன், அவள் பயந்துவிட்டாள். புதிதாக மாட்டிய திரைகள் இப்போது பச்சையாகவே இருக்கின்றன. நாளைக் காலை மேலாளர் சர்வோனோ அண்ணனை நேரில் பார்த்து முடிவெடுக்கிறார். அண்ணன் தயார், அக்கா. கல்லில் எழுதிக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை முதல் அவர்தான் மேற்பார்வையாளர்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் அடுப்பில் வைத்ததெல்லாம் பொங்கி எழட்டும், கடைக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பாமல் இருக்கட்டும்.

என்றும் உங்கள் பேச்சைக் கேட்கும்,
வஹ்யு

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): மேலே எழுதியதைக் கல்லிலிருந்து அழித்துவிடுங்கள். மேலாளர், "திங்கட்கிழமை பொறுப்பேத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாகச் சர்வோனோ அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "முடியாதுங்க, ஐயா. அறையை எனக்குத் தெரியும். ஆளை மேய்க்க வராது. லஸ்மிக்கு வரும். அவ சொன்னா நானே கேப்பேன்" என்றார். மேலாளர் லஸ்மியைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார். அதில் முக்கால் மணி நேரம் அவள்தான் பேசினாளாம். வெளிக் கம்பெனி வரவில்லை. உத்தரவில் அவள் பெயர் வந்துவிட்டது. பதினொரு பேரும் இருக்கிறார்கள். பின்குறிப்பு ஏன் செராபி அப்பம் வாங்கிய அட்டைப்பெட்டி மூடியில் இருக்கிறது என்று கேட்பீர்கள். லஸ்மியின் முதல் உத்தரவு எனக்குத்தான்: "ஓட்டல் காகிதம் விருந்தாளிக்கு, இபு. அக்காவுக்கு எழுத இல்ல."