டார்ச் அடித்துப் பார்த்த மாத்திரை

தென்காசி,
ஆடி 9

அன்புத் தங்கை லோகநாயகிக்கு அண்ணன் ஜெகதீஸ்வரன் ஆசியுடன் எழுதுவது. இங்கு நான் நலம். அப்படி எழுதலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அங்கு உன் நலம்தான் எனக்குக் கவலை. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய் என்பதால் கடிதம்.

சித்திரையில் நெஞ்சுவலி வந்து எனக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள் அல்லவா, ரத்தம் உறையாமலிருக்க உனக்குக் கொடுத்த அதே மாத்திரையைத்தான் எனக்கும் கொடுத்தார்கள், ஒருநாள் தவறாமல் விழுங்கினேன், ஆனாலும் ஆனிக் கடைசியில் ஐந்தருவியில் குளிக்க வரிசையில் நின்றபோது மறுபடி நெஞ்சைப் பிடித்தது. ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிவிட்டதாம். அந்த ரத்தக்கட்டை எடுத்து, ஏதோ பரிசோதனைக்கு ரத்தமும் எடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து உன் மதினி முருகம்மாள், "மாத்திரய முழுங்காம எங்கனயோ துப்புதீரு, வாயத் தொறயும்" என்று தினமும் டார்ச் அடித்தாள். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு சங்கரேஸ்வரி வேறு! முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளை மிரட்டிய கணக்கு வாத்தியார், நாக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றேன்.

போன வாரம் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் ஸ்ரீவித்யா சொன்னார்: "சார் மேல தப்பே இல்லம்மா. கல்லீரல்ல இருக்கிற ஒரு நொதி மாத்திக் கொடுத்தாத்தான் இந்த மாத்திரை வேலை செய்யும். சாருக்குப் பிறவியிலேயே அந்த நொதி வேலை செய்யல. நம்ம பக்கம் பத்துப் பேர்ல ஒருத்தர் இப்படி இருப்பாங்க."

முருகம்மாள் அங்கேயே அழுதுவிட்டாள். "உம்மப் போயி சந்தேகப்பட்டுட்டேனே!"

"விடுட்டி, எனக்கே எம்மேல சந்தேகம் வந்துட்டு" என்றேன்.

வேறு மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "கூடப் பிறந்தவங்க உண்டா?" என்று டாக்டர் கேட்டார். கூடப் பிறந்தவர்களுக்கும் இது இருக்கலாமாம். போன தையிலிருந்து நீயும் அதைத்தானே விழுங்குதே! ஏட்டி, நீயா மாத்திரய நிறுத்திராத; ஒன் டாக்டர்ட்ட போயி அந்த டெஸ்ட்ட எடுக்கச் சொல்லு. எனக்கு இருக்கது ஒரே தங்கச்சி.

மச்சானுக்கு என் அன்பு. உன் மகள் சத்யபிரியாவுக்கு ஆசி. குற்றாலநாதர் உன் கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஜெகதீஸ்வரன்

பி.கு.: கடிதத்தை உன் மதினி படித்துவிட்டுச் சிரிக்கிறாள். டாக்டர் சொன்ன அன்றே சத்யபிரியாவுக்குப் போன் போட்டுவிட்டாளாம். உனக்குப் பரிசோதனையும் முடிந்து, நொதி ஒழுங்காக வேலை செய்கிறது என்று இன்று காலையில் முடிவும் வந்துவிட்டதாம். நான் பதறக்கூடாதென்று எனக்குச் சொல்லவில்லையாம். ஆக, மேலே எழுதியது எதுவும் உனக்கு இல்லை. ஒரு வாரமாக உனக்காக நான் பட்ட பயம் முழுக்க வீண். என் வாழ்நாளில் வேறெதுவும் இவ்வளவு நன்றாக வீணானதில்லை, தங்கச்சி.