அக்காவின் இடது கைக்கு ஒரு பந்து

மேல்கணக்கு, ஏழாம் நம்பர் லயம்,
அக்கரப்பத்தனை.
ஞாயிற்றுக்கிழமை, 31 ஒக்டோபர் 2004

மதிப்புக்கும் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய கணேசமூர்த்தி மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா அழகம்மாவின் ஒரே மகன் கஜேந்திரன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம், நிஷாந்தி அக்கா நலம், ஆட்டுக்குட்டி நலம், மழை மிக மிக நலம். அங்கே நீங்களும் மாமியும் வெள்ளவத்தை வெயிலும் அவ்வாறே இருக்க மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது ஓர் அறிவித்தல். ரேடியோவில் வாசிப்பதாக நினைத்துக்கொள்ளவும். எங்கள் தோட்டத்து ஆபீஸ் கம்பியூட்டரின் அன்புத் துணைவரும், நிஷாந்தி அக்காவின் பரம எதிரியுமான எலியார் அவர்கள் சென்ற மாதம் பதவி நீக்கப்பட்டார். அன்னாரின் இடத்தில் ஒரு பந்தார் பதவியேற்றுள்ளார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், வெள்ளவத்தைக் கம்பியூட்டர் கடைக்காரர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

உங்களுக்கு ட்ராக்போல் தெரியும். மாமிக்கு வாசித்துக் காட்டுவீர்கள் என்பதால் விளக்குகிறேன். எலியை மேசை முழுக்க இழுத்துக்கொண்டு திரிய வேண்டும். ட்ராக்போல் என்பது மல்லாந்து படுத்துவிட்ட எலி. இருந்த இடத்திலேயே கிடக்கும், அதன் வயிற்றில் இருக்கிற பந்தை விரலால் உருட்டினால் போதும். அக்காவுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்றால், அவள் இடது கைக்காரி. ஆபீஸ் மேசையின் இடது பக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதை அசைக்க யானை வேண்டும், யானை வந்தால் ஆபீஸ் இருக்காது. ஆகவே எலி வலது பக்கம். அக்காவின் வலது கையில் எலி அகப்பட்டால், மூடுபனியில் கடைசி பஸ் வருகிற மாதிரி அம்புக்குறி எங்கெங்கோ போய் எங்கேயோ நிற்கும். அவளுக்கு வேலை செக்ரோல் பதிவது, அதாவது யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பார்த்துப் பேர் போடுவது. நாள் முழுக்க மலையில் நின்றவருக்கு முழுப் பேர், பாதியில் போனவருக்கு அரைப் பேர். எலி வழுக்கியதில், வட்டவளைக் கலியாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்த சோலைமலை அண்ணனுக்கு முழுப் பேர், மழையில் நனைந்து கூடை நிறையக் கொழுந்தெடுத்த வேலாயி அக்காவுக்கு அரைப் பேர். வேலாயி அக்கா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து இரண்டு கையையும் நீட்டிக் காட்டியிருக்கிறது.

"நான் ரெண்டு கையாலதான் கொழுந்தெடுத்தேன். நீ ஒரு கைக்குத்தானே பேரு போட்டிருக்க?"

பின்னால் நின்ற பொம்பளையாட்கள் சிரித்தார்களாம். பெரிய கிளாக்கர் ஐயா சிரிக்கவில்லை. அக்கா இன்னும் தற்காலிகம்தான் என்பது உங்களுக்குத் தெரியும். நவம்பர் ஐந்தாம் திகதி வெள்ளிக்கிழமை தோட்டத்துப் புதுத் தொரை ஆபீசுக்கு வருகிறார், அவர் கண் முன்னால் ஒரு நாள் செக்ரோலைப் பிழையில்லாமல் பதிந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் அடுத்த நாளே காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டில் போய் நின்று மலைக்குக் கூடை தூக்க வேண்டியதுதான் என்று கிளாக்கர் ஐயா சொல்லிவிட்டார். அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்து, மூலையில் தொங்கிய பழைய கூடையை இறக்கி, கயிறு இற்றுப் போயிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாமா. எனக்குச் சிரிப்பு வராத நாள் எவ்வளவு அபூர்வம் என்பதை என்னுடைய வகுப்பாசிரியரிடம் கேட்டால் சொல்லுவார்.

அப்போதுதான் நீங்கள் அன்போடு அனுப்பிய பார்சல் வந்தது. மேலே "உருட்டும் குண்டு" என்று நீங்கள் பெரிதாக எழுதியிருந்ததால் தபால் கந்தோரில் ஒருவரும் அதைத் தொடவில்லை. நான் போய் அதற்கு முத்தம் கொடுத்துக் காட்டித்தான் எடுத்து வந்தேன். திறந்து பார்த்தால், கட்டைவிரலால் உருட்டுகிற சாதி. வலது கைக்கென்றே வளைத்துச் செய்தது. இடது கையை வைத்தால் கட்டைவிரல் வெறும் காற்றில் தொங்கும், பந்துக்குப் பக்கத்தில் இருப்பது சுண்டுவிரல். அக்கா பிடிவாதக்காரி அல்லவா, சுண்டுவிரலாலேயே உருட்டினாள். மூன்றாம் நாள் அந்த விரல் பலாக்கொட்டை போல வீங்கி, தேத்தண்ணிக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல், அம்மா நல்லெண்ணெய் தடவித் துணி சுற்றிவிட்டார்கள். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று இதுவரை சொல்லவில்லை. இப்போது வருத்தப்படலாம்.

உடனே நான் களத்தில் இறங்கினேன். தன்னந்தனியாக ஹட்டனுக்குப் பஸ் ஏறி, பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய கம்பியூட்டர் சாமான் விற்கிற மகாலிங்கம் அண்ணனிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "உமக்குக் கையென்ன, இடக்கையோ?" என்றார்.

"எனக்கு ரெண்டு கையும் சும்மாதான் இருக்குண்ணே. எங்க அக்காவுக்குத்தான் இடக்கை."

"அப்ப வலக்கைக்கு வளைச்சுச் செய்ததைக் குடுத்து அவவின்ரை கையைப் பழுதாக்காதேயும். இடக்கைக்கெண்டு தனியச் செய்யிறதும் குறைவு. நடுவில பந்து வாறதாப் பாரும், எந்தக் கைக்கும் சரி. பந்து பெரிசா இருக்கோணும், அப்பதான் விரல் நோகாது. பந்துக்குக் கீழ மூண்டு சின்ன மணியிருக்கு, அதிலதான் ஊத்தை பிடிக்கும். பந்தைக் கழட்டித் துடைச்சு வைச்சீரெண்டால் கனகாலம் கிடக்கும்."

தட்டில் தேடி, யாரோ படம் கீறுகிறவர் கைவிட்ட ஒன்றை எடுத்தார். நடுவில் தேசிக்காயை விடப் பெரிதாகச் சிவப்புப் பந்து, இரண்டு பக்கமும் பொத்தான். இரும்புப் பெட்டிக்கும் கம்பியூட்டருக்கும் இடையில் ஒரு கை அகலம்தான் இடம். அதில் அச்சாக உட்கார்ந்தது. பொத்தான்களையும் இடம் மாற்றிக் கொடுத்தேன். கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்தானே, அக்கா மூன்று விரலை மேலே வைத்து உருட்டினால் அம்புக்குறி சொன்ன இடத்தில் போய் நின்றது. வேலாயி அக்காவின் பாதிப் பேரும் திரும்பி வந்தது.

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது சரஸ்வதி பூசை வந்தது. ஆபீஸ் காவல்காரர் சோலைமலை அண்ணன், பக்தியில் தராசு, சுத்தியல், இரும்புப் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்து, பந்துக்கும் ஒரு பெரிய பொட்டு வைத்து, அது உருளவே, பொட்டு எங்கே போனது என்று தேடித் தேடி இன்னும் ஐந்தாறு பொட்டு வைத்திருக்கிறார். மறுநாள் அம்புக்குறி பக்கவாட்டில் மட்டும்தான் போனது. கேட்டதற்கு, "எல்லாத்துக்கும் வச்சுட்டு இதுக்கு மட்டும் வைக்காம வுட்டா கோவிச்சுக்கும்ல" என்கிறார். நான் கூப்பிடப்பட்டேன். பந்தைக் கழற்றி, அந்த மூன்று மணியிலும் காய்ந்திருந்த சந்தனத்தை நுணுக்கமாகச் சுரண்டி எடுத்து, உயிர் கொடுத்தேன். அன்றிலிருந்து தோட்டத்தில் என்னை இஞ்சினியர் என்றுதான் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் நான் முக்கியமானவன்.

ஆகவே, மாமா, ஓர் இஞ்சினியர் என்ற முறையில் கேட்கிறேன். லொறிக்கு ஸ்பேர் டயர் இருக்கிறது அல்லவா? அது போல, அதே அளவில், அதே சிவப்பில், பந்து மட்டும் ஒன்று உடனடியாக அனுப்பவும். மற்றதெல்லாம் எங்களிடம் இருக்கிறது. வியாழக்கிழமை தாண்டினால் வேண்டியதில்லை. பழைய பந்து எங்கே என்று கேட்டு உங்கள் பொன்னான நேரத்தை வீணாக்க வேண்டாம். பந்தை உங்களிடம் சர்விசுக்கு அனுப்பிவிட்டதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் ஒருவேளை டவுன் கொமினிகேசன் கடையிலிருந்து போன் எடுத்தால், "ஆமா, பந்து சர்விசுக்கு என்கிட்டதான் வந்திருக்கு" என்று மட்டும் சொல்லவும். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்களுக்குப் பொய் சொல்ல வராது.

மாமியின் பாதங்களுக்கு நமஸ்காரம். மாமியின் முறுக்குக்கு விழுந்து நமஸ்காரம். கொழும்பு உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
இஞ்சினியர் கஜேந்திரன்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை):

மாமா, மேலே உள்ளதை நம்ப வேண்டாம். முத்திரை ஒட்டாமல் இந்தக் கடிதத்தை லயத்துத் தபால் பையில் போட்டேன். தோட்டத்துக் கடிதம் எல்லாம் ஆபீசுக்குப் போய்த்தான் வெளியே போகும் என்பதும், ஆபீசில் பையைப் பிரிப்பது அக்கா என்பதும் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் தெரியவில்லை.

தேயிலைத் தூள் படக்கூடாது என்று அக்கா தினமும் பந்தைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவாள். சனிக்கிழமை கிரிக்கெட் விளையாடும்போது எங்கள் டெனிஸ் பந்து தண்ணீர் ஓடுகிற கானுக்குள் போய்விட்டது. துணி பக்கத்தில் இருந்தது. நான் இடது கையால் சுழற்றிப் போட்டேன், ஒருவராலும் தொட முடியவில்லை என்று எழுத ஆசை. என் கூட்டாளி சின்னராசா முதல் பந்திலேயே தேயிலைக்குள் அடித்துவிட்டான். திங்கட்கிழமை காலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் கைக்கு அது செடிக்குள் அகப்பட்டு, கொழுந்து நிறுக்கும்போது அக்காவிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டு பேரும் என்னிடம் மூச்சுவிடவில்லை. நான் அந்தி அந்தியாக மழையில் செடிக்குள் தவழ்ந்து அட்டைக்கு இரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா லயத்து வாசலில் தேத்தண்ணி குடித்தபடி, "என்ன தம்பி தேடுற?" என்று தினமும் கேட்டாள். "மூலிகை" என்றேன்.

ஹட்டனில் மகாலிங்கம் அண்ணனிடம் பேசியது அக்கா. நான் பஸ்ஸில் வாந்தியெடுத்து, கடை வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தனத்தைக் கொண்டை ஊசியால் சுரண்டியதும் அக்கா. நான் டோர்ச் பிடித்தேன். அதுவும் சரியாகப் பிடிக்கவில்லை என்று எழுதச் சொல்கிறாள்.

இன்று தொரை வந்தார். பின்னால் நின்று முழுச் செக்ரோலையும் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. நிரந்தரக் கடிதத்தை நீட்டியபோது அக்கா இடது கையாலேயே வாங்கினாளாம். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கூடையைத் தூக்கி ஆட்டுக்குட்டிக்கு மேல் கவிழ்த்துவிட்டாள்.

ஆகவே பந்து அனுப்ப வேண்டாம். முடிந்தால் டெனிஸ் பந்து ஒன்று அனுப்பவும். சிவப்பு மட்டும் வேண்டாம். கடிதத்தை இத்துடன் முடிக்கிறேன். அக்கா பின்னால் நின்று வாசிக்கிறாள், "இஞ்சினியர்" என்று கையெழுத்துப் போட்ட இடத்துக்கு இப்போதுதான் ஒரு குட்டு விழுந்தது. இடது கை. குறி தவறவே இல்லை.