கரண்ட் போன நேரத்தில் ஏழாம் வாய்ப்பாடு

திருப்பதியில் இருக்கும் மாமா வரதராஜன் அவர்களுக்கு, நகரியிலிருந்து மாப்பிள்ளை சிவசங்கரன் வணக்கம். உங்கள் முழங்கால் இப்போது மாடிப்படி ஏற விடுகிறதா? இங்கே உங்கள் மகள் ஹரிப்ரியா சௌக்கியம். வெள்ளிக்கிழமை முதல் நான் சற்றுக் கூடுதலாகவே சௌக்கியம்.

முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்த நீங்கள், பொங்கலுக்கு முந்தின வாரம் என் மூன்றாம் வகுப்பைப் பார்த்துவிட்டு, "இது கிளாஸா, பஜனை மடமா?" என்று கேட்டீர்கள். வாய்ப்பாடு, செடியின் பாகங்கள், மாதங்களின் பெயர்கள் என்று எல்லாவற்றையும் நான் பாட்டாகவே சொல்லிக்கொடுக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கொட்டகை, அதன் சத்தத்துக்கு ஏற்றபடியே மெட்டுப் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஆய்வு அதிகாரி ஹரிபாபு வந்தார். பிள்ளைகள் தேறாவிட்டால் இந்த ஆந்திரப் பள்ளியில் தமிழ்ப் பிரிவையே மூடிவிடுவதாக முன்பே சொல்லியிருந்தார். பத்து முப்பத்தைந்துக்குக் கரண்ட் போனது, தறிகள் நின்றன, அவர் ஏழாம் வாய்ப்பாடு கேட்டார், பதினாறு வாயும் மூடிக்கொண்டன. ஏழொன்று ஏழுகூட வரவில்லை. நான் மேசையைத் தட்டினேன். பிள்ளைகள் சிரித்ததுதான் மிச்சம். "ஏமி சார், பிள்ளைங்க மௌன விரதமா?" என்று ஹரிபாபு பேனாவைத் திறந்தார்.

அப்போது ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. தறி ஓட்டும் தனபாக்கியம், எங்கள் வகுப்புப் பிரீத்தியின் அம்மா. கரண்ட் இல்லாமல் சும்மா இருந்தவர். "இன்னா சார், மிஷின் நின்னா பசங்களும் நின்னுடுமா? நகருங்க" என்று உள்ளே வந்து, மதிய உணவுத் தட்டு இரண்டை எடுத்து, பன்னிரண்டு வருடமாகக் காதில் ஓடும் தறியை அப்படியே தட்டில் ஓட்டினார். அவரோடு வந்த நாலு பேர் வெளியே இரும்பு கேட்டைத் தட்டினார்கள். பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள், மாமா. வாய்ப்பாடு முடிந்து வேர், தண்டு, இலை, மாதம் பன்னிரண்டு என்று நிறுத்தாமல் பாடுகிறார்கள். நான் "போதும்மா" என்றதற்குத் தனபாக்கியம், "தொண்டை இப்பதான் சூடேறிக்கினு கீது சார், நிறுத்துனா நூல் அறுந்துடும்" என்றார். தொடையில் தாளம் போட்டபடியே எல்லாவற்றையும் செல்போனில் பிடித்த அதிகாரி, 'தமிழ்ப் பிரிவு தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நீங்கள் சொன்னதைத் திரும்பப் பெற அவசரமில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும்போது போதும். அத்தைக்கு என் வணக்கங்கள். உங்கள் ஆசி எங்களுக்கு என்றும் வேண்டும்.

தங்கள் மாப்பிள்ளை,
சிவசங்கரன்

பி.கு.: உறையை ஒட்டுமுன், அதிகாரி அனுப்பிய வீடியோவை ஹரிப்ரியாவிடம் காட்டினேன். "ஏழாறு நாற்பத்தாறா?" என்றாள். மெட்டுக்கு எடுப்பாக இருந்ததால் ஜூன் மாதமே அப்படி அமைந்துவிட்டது போலிருக்கிறது. மறுநாள் வகுப்பில் நாற்பத்திரண்டு என்று மாற்றிக் கொடுத்தேன். தாளம் இடிக்கிறது என்கிறார்கள் பிள்ளைகள். தவறை ஒப்புக்கொண்டுவிடலாம் என்று அதிகாரிக்குப் போன் செய்தால், என்னைப் பேசவே விடாமல் வாழ்த்துகிறார். வீடியோ மாவட்டத்தின் எல்லாத் தமிழ்ப் பிரிவுகளுக்கும் போய்விட்டதாம். திங்கட்கிழமையிலிருந்து அங்கெல்லாம் தட்டோடு பாடுகிறார்களாம்.