சமுதாயக் கூடத்தில் நான் வில்லனான விவரம்

அன்பும் மரியாதையும் நிறைந்த வேதநாயகி அக்காவுக்கு, பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருந்து தம்பி சந்திரன் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே ராதாவும் தாரணியும் சுகம். எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை, இருப்புத்தான் கொள்ளவில்லை. உன் முழங்கால் வலி தேவலையா? வாட்ஸ்அப்பை விட்டுவிட்டுத் தபாலில் எழுதுகிறானே என்று நினைக்காதே. உன் போனை முதலில் திறப்பது மாமா. இது அவர் கண்ணில் படக்கூடாத விஷயம்.

வரும் ஞாயிறு தாரணியைப் பெண் பார்க்கத் தருண் வருகிறான் அல்லவா, நீ பார்த்துக் கொடுத்த ஓசூர் இடம், சொந்த வீடு, நல்ல வேலை, சிகரெட்கூடக் கிடையாது, அந்தச் சம்பந்தம் கைநழுவிவிடுமோ என்று ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருக்கிறேன். காரணம் இவளுடைய சனிக்கிழமை. லீவு நாளில் வீட்டில் கிடக்காமல் சமுதாயக் கூடத்துக்குப் போய், பத்தாவதும் பி.யு.சி.யும் படிக்கிற பிள்ளைகளுக்கு 'ஆரோக்கியமான உறவு' என்று வகுப்பு எடுக்கிறாள். சம்பளம் கிடையாது, டீயும் பன்னும்தான். விவேக் நகர் குளோரியா என்கிற ரிட்டயர்டு நர்ஸ் நடத்துகிறார். பிடிக்கவில்லை என்றால் எப்படிச் சொல்வது, ஒருத்தர் நம்மை அதட்டி வைத்திருப்பது அன்பா இல்லையா, இதெல்லாம் பாடமாம். கல்யாணமாகாத பெண் இதைச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று ஓசூருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், நீயே சொல்லு.

போன சனிக்கிழமை, என்னதான் நடக்கிறது என்று பார்க்க நானே போனேன். ஹெல்த் கேம்ப் என்று நினைத்து வந்தவன் மாதிரி இருக்கட்டுமே என்று சுகர் ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டேன். குளோரியா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அன்றைக்கு ஒரு சின்ன நாடகமாம், கணவனாக நடிக்க வேண்டிய வாலண்டியர் டிராபிக்கில் மாட்டிக்கொண்டானாம். "சும்மா நில்லுங்க சார், வாயில வர்றதைப் பேசினா போதும்" என்று நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டார். மனைவி அவரேதான், தோழி வீட்டுக்குப் போய்விட்டுத் தாமதமாக வருகிறார். நாடகம் நான் என்னத்தைக் கண்டேன், ராதாவிடம் தினமும் கேட்பதைத்தான் கேட்டேன். எங்கே போனே, யாரோட போனே, போனை ஏன் எடுக்கல, குடு பார்க்கலாம், இந்தப் புடவை எதுக்கு. பிள்ளைகள் விசில் அடிக்கிறார்கள், ஒரு பையன் 'சக்கத் வில்லன்' என்று கன்னடத்தில் மெச்சுகிறான். எனக்கும் உற்சாகம் வந்து, என்னைக் கேக்காம வாசப்படி தாண்டக்கூடாது என்று ஒரு போடு போட்டேன். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. அப்புறம், இதில் எதெல்லாம் ஆபத்துக்கு அறிகுறி என்று குளோரியா கேட்டார். பிள்ளைகள் நான் பேசினதில் ஒரு வார்த்தைகூட விடவில்லை. தாரணி என் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒன்றே ஒன்று சொன்னாள். "தருணும் இப்படித்தான்பா பேசறாரு. நீங்க நடிச்சீங்க, அவரு நடிக்கல." நான் மட்டும் என்ன நடித்தேன்? அதை ஆட்டோவில் வைத்து எப்படிச் சொல்வது? இவள் நம்பர் கைக்குப் போன நாளிலிருந்து அவன் தினமும் ஆபீஸ் விட்டதும் லொக்கேஷன் அனுப்பச் சொல்கிறானாம். பொறுப்பான பையன் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தக் காலத்தில் லொக்கேஷன் ஏது, ராதா வெளியே போனாளா என்று பால்காரரைத்தான் விசாரிப்பேன்.

ஆகவே அக்கா, நீ வெள்ளிக்கிழமையே கிளம்பி வா. வந்து இவளை அந்த வகுப்பிலிருந்து நிறுத்து. ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்காமல் காபி கொடுக்கச் சொல்லு. கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாயிடும்னு எடுத்துச் சொல்லு, எங்களுக்கு ஆகலையா என்ன. ஆச்சா இல்லையான்னு ராதாவையே கேட்டேன். குக்கர் சத்தத்தில் காதில் விழவில்லை என்றாள். குக்கர் அடுப்பிலேயே இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி.

தூக்கம் கெட்ட தம்பி,
சந்திரன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் தருண் எனக்குப் போன் செய்தான். தாரணி எடுக்கவில்லையாம். "அவ போனை வாங்கிப் பாருங்க அங்கிள், யார்கிட்ட பேசறான்னு எனக்குச் சொல்லுங்க" என்றான். நான் தினமும் பேசுகிற அதே குரல். கேட்கிற பக்கம் நின்று இன்றைக்குத்தான் கேட்டேன். பயமாக இருந்தது அக்கா. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் தம்பி என்று சொல்லி வைத்துவிட்டேன். மேலே கேட்டதையெல்லாம் மறந்துவிடு. வெள்ளிக்கிழமை வா, ஆனால் சனிக்கிழமை நாடகம் பார்க்க வா. குளோரியாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன், வில்லன் வேஷம் எனக்கே நிலையாகிவிட்டது. மனைவியாக நடிக்க ராதா பெயர் கொடுத்திருக்கிறாள். வசனம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாமாம், கல்யாணமான நாளிலிருந்தே தயாராக இருக்கிறதாம்.

மாமா, இதை நீங்கள்தான் முதலில் பிரித்திருப்பீர்கள். மடித்து அக்காவிடம் கொடுத்துவிட்டு நீங்களும் வாருங்கள். வில்லனுக்கு அண்ணன் வேஷம் காலியாக இருக்கிறது.