விலகுவோர் பிரிவு

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று அந்தப் பெண்குரல் பதினோராவது முறையாகச் சொன்னபோது, பல்செட்டுக்காரர் பதினோராவது முறையாக "ரொம்ப நன்றிங்க" என்றார்.

சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்த டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு கையிலிருந்த சின்ன வெள்ளைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதித் தூக்கிக் காட்டினாள்: 'அது மெஷின்!'

"மெஷினா இருந்தா என்ன? மரியாதையா பேசுதே."

டீச்சர் அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். தெருவே அவளை டீச்சர் என்று கூப்பிட்டதால், கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து அவரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்.

விஷயம் இதுதான். வீட்டு இன்டர்நெட்டுக்கும் டீச்சரின் போனுக்கும் சேர்த்து மாதம் எண்ணூறு கட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது. அதன் பிறகு ஆயிரத்து நானூறு என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. அதே கம்பெனி, புதிதாகச் சேருகிறவர்களுக்கு அறுநூறுதான் என்று பஸ்ஸின் முதுகிலெல்லாம் விளம்பரம் ஒட்டிவைத்திருந்தது.

டீச்சருக்கு இதெல்லாம் பத்து நிமிஷ வேலை. கட்டில் வாங்கப் போன இடத்தில் விலையையும் குறைத்து, கூடவே ஒரு ஸ்டூலையும் வாங்கி, கடைக்காரரையே எல்லாவற்றையும் வீடுவரை தூக்கிவரவும் வைத்தவள். அந்தக் கடைக்காரர் இன்றைக்கும் எங்கே பார்த்தாலும் "அக்கா நல்லா இருக்காங்களா?" என்று விசாரிப்பார். தோற்றவனும் சந்தோஷமாகத் தோற்கவேண்டும் என்பது அவள் கொள்கை.

பல்செட்டுக்காரர் நேர் எதிர். சொன்ன விலையைக் கொடுத்து, பைக்குத் தனியாகக் கொடுத்து, கடைக்காரருக்கு நன்றியும் சொல்லிவிட்டு வருபவர். நாள் முழுக்க அவருடைய பட்டறைக்கு வாய்கள்தான் வரும். ஆனால் ஒன்றுகூடப் பேசாது. அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றுவார், பல் பதிப்பார், பாலிஷ் போடுவார். மனிதர்களோடு வாக்குவாதம் செய்து அவருக்குப் பழக்கமே இல்லை.

ஆனால் விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டத்துக்குக் கத்திய கத்தலில் டீச்சரின் குரல்வளை வீங்கிவிட்டது. ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, பேரம் பேசும் பொறுப்பு பல்செட்டுக்காரர் தலையில் விழுந்தது. செவ்வாய்க்கிழமை முதல் அழைப்பு. பேச்சு ஸ்பீக்கரில். பலகையில் உத்தரவு வரும். 'வேண்டாம்' என்பதற்கு டீச்சர் கழுத்தில் தொங்கிய விசிலை ஒருமுறை ஊதுவாள். ஏற்பாடு பலமாகத்தான் இருந்தது.

"வணக்கம் சார், உங்களை மாதிரி பழைய கஸ்டமர்தான் எங்க சொத்து" என்றான் ஒரு இளைஞன்.

"அப்படிங்களா? ரொம்ப சந்தோஷம்."

"உங்களுக்காக ஐம்பது குறைக்கிறேன் சார். கூட ஒரு லேண்ட்லைனும் இலவசம்."

பீப் என்று விசில் பறந்தது.

"என்ன சத்தம் சார்?"

"குக்கர்ங்க."

"அடடா, சாப்பாட்டு நேரத்துல தொந்தரவு பண்றேன் போல. சீக்கிரம் முடிச்சுடலாம். சரின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

இவ்வளவு கரிசனமாகக் கேட்கும் பிள்ளையிடம் எப்படி இல்லை என்பது? "சரி" என்று வாயிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டது.

அடுத்த நிமிஷம் குறுஞ்செய்தி வந்தது. லேண்ட்லைன் இலவசம்தான், அந்தக் கருவிக்கு வாடகை நூற்றைம்பது. ஆக மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு.

டீச்சர் எழுதினாள்: 'லேண்ட்லைன் யாருக்கு?'

"நீ பேசறதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தவர், அவள் தொண்டையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் மதியம் அவர் பட்டறையில் இருந்த நேரத்தில் டீச்சர் தனியாகவே டாக்டரிடம் போய்வந்தாள். சாயங்காலம் பலகையில் 'இன்னும் ஒரு வாரம்' என்று எழுதிக் காட்டினாள். இரண்டாவது அழைப்பையும் பல்செட்டுக்காரரே பேசவேண்டியதாயிற்று.

"அந்த லேண்ட்லைனை மட்டும் எடுத்துடுங்களேன்."

"அதை மட்டும் எடுத்தா பேக்கேஜ் உடைஞ்சுடும் சார்" என்றான் இன்னொரு இளைஞன். "பேசாம குடும்ப பேக்கேஜுக்கு மாறிடுங்க. நாலு சிம், நூத்தி அறுபது விளையாட்டு சேனல்."

"வீட்ல இருக்கறது ரெண்டே பேருங்க."

"விருந்தாளிங்க வருவாங்களே சார்!"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. விசில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அலறியது.

"நாலு விசில் ஆயிடுச்சு சார். முதல்ல போய் அடுப்பை அணைங்க. நான் காத்திருக்கேன்."

பல்செட்டுக்காரர் பழக்கதோஷத்தில் எழுந்து சமையலறைக்குள் போய், காலியாகக் கிடந்த அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குள் பேக்கேஜ் மாறியிருந்தது. லேண்ட்லைனும் போகவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

டீச்சர் பலகையை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிட்டாள். பலகை லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர் மனம் உடைந்துபோனார். எத்தனை கெட்டிக்காரி! இப்படிப்பட்டவளுக்கு நாம் வாய்த்தோமே!

வியாழக்கிழமை காலை அவள் தெளிவாக எழுதிக் கொடுத்தாள்: 'வேற கம்பெனிக்குப் போறேன்னு சொல்லுங்க. பயந்து இறங்கி வருவாங்க. வேற ஒரு வார்த்தையும் வேண்டாம்.'

பட்டறையில் அன்று முழுக்க ஒத்திகை பார்த்தார். "நான் வேற கம்பெனிக்குப் போறேன்." தட்டில் வரிசையாக இருந்த ஏழு பல்செட்டுகளும் சிரித்துக்கொண்டே கேட்டன.

சாயங்காலம் ஆறு மணி. அது முக்கியமான நேரம். தூர தேசத்தில் இருக்கும் மகள், ஆறு வாரக் கைக்குழந்தையைக் குளிப்பாட்டி முடித்து வீடியோவில் காட்டும் நேரம். மேசையில் சாய்த்துவைத்த டேப்லெட்டில் பேத்தி தெரிந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் தைரியம் வரும் என்று பல்செட்டுக்காரர் அதே சமயத்தில் போனைப் போட்டார்.

"நான் வேற கம்பெனிக்குப் போறேன்!"

"அப்படிங்களா சார்? வருத்தமா இருக்கு. ஆனா உங்க விருப்பத்துக்கு நாங்க குறுக்கே நிக்க மாட்டோம். இப்பவே நிறுத்திடட்டுமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று காகிதத்தில் இல்லை. விசில் காதைக் கிழித்தது. மனிதர் தடுமாறிப்போனார்.

"உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா..."

"ஒரு சிரமமும் இல்லை சார்."

பச்சையாக எரிந்துகொண்டிருந்த மோடத்தின் விளக்கு சிவப்பானது. டேப்லெட்டில் பேத்தி கொட்டாவி விட வாயைத் திறந்தவள், பாதியிலேயே சிலையாகிவிட்டாள்.

டீச்சர் மூச்சை இழுத்து, எழுந்து நின்று, வாயைத் திறந்தாள்.

"பேசாதே!" என்று பல்செட்டுக்காரர் பாய்ந்தார். "என் மேல எவ்வளவு கோபம் இருந்தாலும் எழுதிக் காட்டு. தொண்டை போயிடும்!"

டீச்சர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். எப்பேர்ப்பட்ட மன உறுதி என்று அந்தக் கலவரத்திலும் அவர் வியந்துபோனார்.

இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே கீழ்த்தளத்து வீடு. மொபைல் டேட்டாவில் குழந்தை கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தாள். எது மூக்கு, எது கன்னம் என்றே புரியவில்லை. அன்று பல்செட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பட்டறைக்கு லீவு போட்டார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் லீவு. சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தார்.

"முடிவெடுக்கிறவங்க யாரோ அவங்ககிட்ட கொடுங்க" என்றார். கொடுத்தார்கள்.

"விலகுவோர் பிரிவு" என்றது நடுவயதுப் பெண்மணி ஒருவரின் நிதானமான குரல். இதுவரை கேட்ட தேன் சொட்டும் குரல்கள் மாதிரி இல்லை. "மறுபடி சேரணும்னா இணைப்புக் கட்டணம் ரெண்டாயிரம். மாதம் ஆயிரத்து முந்நூறு. சரிங்களா?"

பல்செட்டுக்காரர் பலகையைப் பார்த்தார். டீச்சரின் பேனாவில் மை காய்ந்துவிட்டிருந்தது. அவள் உதறினாள், மூடியைத் தட்டினாள், ஊதினாள். ஒரு எழுத்துகூட விழவில்லை. அவர் காத்திருந்தார். போனில் யாரோ மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி... ஆயிரத்து நூறுன்னு வச்சுக்கலாம்" என்றது குரல்.

பல்செட்டுக்காரர் திடுக்கிட்டார். அவர் ஒன்றுமே சொல்லவில்லையே! டீச்சரைப் பார்த்தார். அவள் பேனாவை மெதுவாக மேசையில் வைத்தாள். விசிலைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"லைன்ல இருக்கீங்களா சார்?"

"இருக்கேங்க."

"இணைப்புக் கட்டணத்தை விட்டுடறேன். ஆயிரம்."

அப்போதுதான் அவருக்கு ஒன்று புரிந்தது. இது அவருக்குத் தெரிந்த வேலை. அச்சில் ஊற்றிய மாவு இறுகுகிறவரை கை வைக்கக் கூடாது. அவசரப்பட்டால் பல் கோணிப்போகும். இருபத்தாறு வருஷமாக அவர் செய்துவருவது அதைத்தானே!

கை வைக்காமல் காத்திருந்தார்.

"தொள்ளாயிரம்... சார், பின்னாடி என்ன ரொம்ப அமைதியா இருக்கு?"

"இன்னிக்குக் குக்கர் வைக்கலைங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. மாவு இறுகிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. வாழ்க்கையிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"அம்மா, நேத்து என் பேத்தி கொட்டாவி விட வாயைத் திறந்தா. பாதியில நிறுத்திட்டீங்க. அவ அதை முழுசா விட்டாளான்னுகூட எனக்குத் தெரியாது. போகட்டும். பழைய கஸ்டமரை நேத்தே வெளியே அனுப்பிட்டீங்க. அப்ப இன்னிக்கு வந்திருக்கிற நான் புது ஆள். புது ஆளுக்கு அறுநூறுன்னு பஸ் முதுகுல நீங்கதான் எழுதியிருக்கீங்க. அதைக் கொடுங்க. லேண்ட்லைன் வேண்டாம், சேனல் வேண்டாம், விருந்தாளிக்கு சிம்மும் வேண்டாம். வர்ற விருந்தாளி போனோடதான் வருவாங்க."

சொல்லி முடித்துவிட்டு மறுபடி காத்திருந்தார். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"அறுநூறு" என்றார் அதிகாரி அம்மா. பிறகு கொஞ்சம் தயங்கி, "கொட்டாவிக்காக அதுலயும் ஐம்பது குறைச்சுக்கறேன். ரெண்டு வருஷத்துக்கு விலை ஏறாது. சாயங்காலத்துக்குள்ள லைன் வந்துடும்."

"ரொம்ப நன்றிங்க."

"ஒண்ணு கேக்கலாமா சார்? ஒன்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். பேசிப் பேசிக் குறைச்சவங்களைப் பார்த்திருக்கேன். பேசாமலே குறைச்சவர் நீங்கதான். என்ன வேலை பார்க்கறீங்க?"

"பல்செட் செய்யறேங்க."

"வாயை எப்ப திறக்கணும்னு தெரிஞ்ச மனுஷர்" என்று சிரித்தபடியே வைத்தார் அந்த அம்மா.

ஆறு மணிக்கு விளக்கு பச்சையானது. பேத்தி வந்தாள். ஒன்றுக்கு இரண்டாகக் கொட்டாவி விட்டாள், இரண்டும் முழுசாக. மகள், நம்பவே முடியாத ஒரு கதையைக் கேட்பதுபோல, "அப்பாவா? நம்ம அப்பாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளையாட்டு விழாவில் மிச்சமான 'முதல் பரிசு' ரிப்பனை எடுத்துவந்து அவர் சட்டையில் குத்திவிட்டாள்.

ரிப்பனைத் தடவிக்கொண்டே அவர் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. டாக்டரின் கிளினிக்கிலிருந்து நர்ஸ்.

"டீச்சருக்குத் தொண்டை இப்ப எப்படி இருக்கு சார்?"

"அதை ஏன் கேக்கறீங்க சிஸ்டர்!" என்றார் பல்செட்டுக்காரர் பெருமை தாங்காமல். "இன்னும் ஒரு வாரம் பேசக் கூடாதுன்னு டாக்டர் புதன்கிழமை சொன்னாரில்ல, அதுல இருந்து ஒரு வார்த்தை வரலை. வீட்ல இடி விழுந்தப்பகூட வாயைத் திறந்து மூடிக்கிட்டா. அப்படி ஒரு வைராக்கியம்!"

மறுமுனையில் நர்ஸ் சற்றுக் குழம்பினாள்.

"என்ன சார் சொல்றீங்க? இனிமே தாராளமா பேசலாம்னு டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரே. உடனே எங்க கவுன்ட்டர்ல நின்னு அரை மணி நேரம் பேசி, டாக்டர் ஃபீஸ்லயே பாதியைக் குறைச்சுட்டுத்தானே போனாங்க!"