பலாலி வீதியின் தண்டையல்

பலாலி வீதியில் ஓடும் மினிபஸ்களில் கப்பலாக ஓடுவது ஒன்றே ஒன்றுதான். அதன் கொண்டக்டரைத் தண்டையல் என்போம். கப்பல் தலைவனுக்கு வல்வெட்டித்துறையில் வழங்கும் பெயர் அது. அந்த ஊர்க்காரரான அவருக்குச் சரித்திர நாவல் என்றால் உயிர். அதில் கடல் விஷயம் பிழைத்தால் மட்டும் பொல்லாத கோபம் வரும்.

கம்பஸ் மாணவர்கள் வாசலில் நெரிந்தால், "பிள்ளையள், அணியத்துக்குப் போங்கோ" என்பார். ஒருமுறை இணுவில் ஐயா ஒருவர், "அணியம் எங்கை தம்பி கிடக்கு?" என்று கேட்டார்.

"ட்ரைவர் இருக்கிற முன்பக்கம் ஐயா. கப்பலிலை ஏறினால் இதெல்லாம் தெரிஞ்சிருக்கவேணும்."

ஐயா அதுவரை பஸ்ஸில் ஏறியதாகவே நினைத்திருந்தாராம்.

தண்டையலிடம் இரவல் வாங்கும் நாவல்களின் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. 'சோழ இளவரசி மிளகாய்ச் சம்பல் தின்கிறாள். மிளகாய் கொண்டுவரும் போர்த்துக்கீசரின் பூட்டனே இன்னும் பிறக்கவில்லை' என்று ஒரு குறிப்பு. 'நங்கூரம் தூக்காமல் எப்படி ஓடுது?' என்று இன்னொன்று.

இந்த மனிதரிடம்தான், சோழர் காலத்தில் நடக்கும் என் முதல் சரித்திர நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தேன். பத்து வருட உழைப்பு, அடுத்த கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். பாராட்டுவார் என்று நம்பியே கொடுத்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை, பள்ளிக்கூடம் போக திருநெல்வேலிச் சந்தியில் நின்ற என்னைக் கண்டதும் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்தார்.

"மாஸ்டர், உங்கடை வீரன் மார்கழியிலை வல்வெட்டித்துறையாலை கடாரத்துக்கு வெளிக்கிடுறான். வாடைக்காத்து எதிரை அடிக்கும். எப்பிடிப் போவான்?"

"கதைதானே அண்ணை."

"ஓம், கதை உங்கடை. காத்து உங்கடை இல்லை."

திருவெம்பாவைச் சங்கு ஊதும் விடியலில் அவன் காதலியைப் பிரியும் கட்டம் அது. எழுதும்போது நானே அழுதிருக்கிறேன். மார்கழியை எடுத்தால் சங்கும் போய்விடும், என் கண்ணீரும் வீணாகிவிடும். முடியாது என்றேன். பஸ்ஸுக்குள்ளிருந்து சனம் கத்தியது. அவர் அசையவில்லை.

"ரங்கூனுக்குக் கப்பல் விட்ட ஊரைப்பற்றி எழுதுறியள். காத்துப் பிழைச்சால் எங்களுக்குத்தான் வெக்கம். மார்கழியிலை அவன் நிக்கட்டும். வைகாசியிலை சோளகக்காத்து எழும்பிப் பின்னாலை தள்ளும், அப்ப போகட்டும். அஞ்சு மாசம் அவளோடை கூட இருப்பானெல்லோ?"

அச்சகத்தைக் காக்கவைத்துவிட்டு அந்த ஐந்து மாதங்களை எழுதினேன். அவன் காற்று மாறக் காத்திருக்கிறான். மாறவே கூடாது என்று அவள் நேர்த்தி வைக்கிறாள்.

வெளியீட்டு விழாவில் பேசிய எல்லோரும் அந்த அத்தியாயங்களைத்தான் புகழ்ந்தார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் தெரியவில்லை. கடைசி வரிசையில் டிக்கெட் பையோடு நின்ற தண்டையலை மேடைக்கு அழைத்து, "அந்த ஐந்து மாதமும் இவர் தந்தவை" என்றேன். சபை எழுந்து கைதட்டியது. அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அறுபத்தோராம் பக்கத்திலை இன்னும் ஒரு மிளகாய் கிடக்கு."

அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டார்.

இப்போது இரண்டாம் பதிப்பு வருகிறது. அந்த மிளகாயை நான் எடுக்கவில்லை. எனக்காக அவர் இன்னொரு முறை பஸ்ஸை நிறுத்தி இறங்கி வரவேண்டும்.