மாப்பிள்ளையின் மீனுக்கு அம்மை

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை குமரகுரு அவர்களுக்கு,

மல்லசமுத்திரத்திலிருந்து மாமன் மயில்சாமி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் பண்ணைக் கோழிகளும் சுகம். கோயம்புத்தூரில் நீங்களும் எங்கள் மகள் பாப்பா சண்முகப்பிரியாவும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பது என் காதில் விழும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

கல்யாணச் சீராக நாங்கள் கட்டிலும் பீரோவும் அனுப்பினோம். அதோடு மீன் தொட்டியும் சேர்ந்தால் மாடி தாங்காது என்று வீட்டுக்காரர் சொன்னதால், நீங்கள் உங்கள் உப்புத்தண்ணீர்த் தொட்டியை எங்களுக்கு அனுப்பினீர்கள். மாப்பிள்ளை கொடுத்த பொருள், வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கூடத்தில் வைத்தோம். அதிலிருக்கும் நவரை மீன் தாடையில் தொங்கும் இரண்டு மீசையால் நாளெல்லாம் மணலைக் கிளறுகிறது. கோழி கிளறினால் பசி. எனக்குத் தெரிந்தது கோழிதான், ஆகவே தீனி போட்டேன். தின்றுவிட்டு மறுபடியும் கிளறியது. கூட இருந்த இறாலையும் காணோம். அதைப் பற்றி மீனைத்தான் கேட்க வேண்டும்.

போன வாரம் ஒரு சாயங்காலம் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது உங்கள் அத்தை சென்னியம்மாள் சத்தம் போட்டாள். "ஏனுங்க, ஓடியாங்க! மாப்பிள்ளை மீனுக்கு அம்மை போட்டிருக்குதுங்க!" பார்த்தால் வெள்ளை உடம்பு முழுக்கச் சிவப்புத் திட்டு. நானாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். கோழி அம்மைக்குத் தவறாமல் ஊசி போடுகிறவன் என்ற மிதப்பில், "ஆமா, அம்மைதான்" என்று சொல்லித் தொலைத்தேன். சீக்குக் கோழியை வெளிச்சம் படாமல் வைப்பது எங்கள் பண்ணை வழக்கம். அதனால் தொட்டி விளக்கை அணைத்துச் சாக்கைப் போட்டு மூடியதும் நான்தான். தினமும் சாக்கைத் தூக்கிப் பார்க்கிறோம், சிவப்பு அப்படியே இருக்கிறது.

அன்றிலிருந்து வாசலில் வேப்பிலை. தாளிப்பு இல்லை, கறி இல்லை, முட்டைப் பண்ணைக்காரன் வீட்டில் முட்டைகூட இல்லை. அத்தை மஞ்சள் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வந்தாள், குறுக்கே விழுந்து தடுத்தேன். தீவன லாரிக்காரர் வேப்பிலையைப் பார்த்ததும் மூட்டைகளை கேட்டுக்கு வெளியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். பக்கத்துத் தோட்டத்துக் கந்தப்பன் ரோட்டில் நின்றபடியே, "ஏனுங்ணா, யாருக்குங்க அம்மை? அண்ணிக்குங்களா?" என்றார். "இல்லீங்க, மாப்பிள்ளை ஊட்டு ஆளுக்குங்க" என்று சொல்லிவிட்டேன். வேறு என்னத்தைச் சொல்ல? உங்கள் அம்மா இங்கே வந்து படுத்திருப்பதாக ஊரே பேசுகிறது. சம்பந்தியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.

இதெல்லாம் போகட்டும். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டுக்கு யாரும் வரக்கூடாது என்கிறாள் அத்தை. தண்ணீருக்குள்ளேயே இருக்கிற மீனுக்கு எந்தத் தலைக்கு ஊற்றுவது? ஆகவே தலை ஆடி நோம்பிக்கு நீங்களும் பாப்பாவும் வர வேண்டாம். இதை எழுதவே கை கூசுகிறது. பாப்பா போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அந்த ஒரு நாளை நினைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். மேச்சேரிக் கிடாய்க்குச் சொல்லிவைத்திருந்தேன், அதையும் வேண்டாம் என்றுவிட்டேன்.

தம்பதியர் இருவரும் நோய் நொடியும் மீன் தொட்டியும் இல்லாமல் நீண்ட நாள் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமன் மயில்சாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் மீனை இன்னொரு தரம் பார்க்கலாம் என்று சாக்கை எடுத்துவிட்டு விளக்கைப் போட்டேன். பசையைத் தேடி எடுத்து வருவதற்குள் சிவப்பெல்லாம் போய், வெள்ளையாக மணலைக் கிளறிக்கொண்டிருக்கிறது. அணைத்துப் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் பழையபடி சிவப்பு. தூங்கும்போது அதன் நிறமே அப்படித்தான் போலிருக்கிறது. இத்தனை நாளும் அதைத் தூங்க வைத்ததே நான்தான். மறுபடி விளக்கைப் போட்டு அத்தையைக் கூப்பிட்டு, அம்மை இறங்கிவிட்டது என்று காட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டு, தலைக்கு ஊற்றுவதாக ஒரு சொம்பு உப்புத்தண்ணீரைத் தொட்டியில் அவளே ஊற்றிவிட்டாள். சமையலறையில் இப்போது கடுகு வெடிக்கிறது. கிடாய்க்கும் திரும்பச் சொல்லிவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு நோம்பிக்கு அவசியம் வாருங்கள். ஒன்று மட்டும். கறி இலையில் விழுவதற்குள் கரண்ட் போனால், நீங்கள் அத்தையை வாசலுக்கு அழைத்துப் போய்ப் பேச்சுக் கொடுங்கள். தொட்டியை மறைத்துக்கொண்டு நான் நிற்கிறேன்.